ஹான்ஸ் ஐஸ்லர்: எஃப்பிஐ ஃபைலும் ஹாலிவுட் பாட்டுப் புத்தகமும்

ஹான்ஸ் ஐஸ்லர் என்ற இசையமைப்பாளரைப் பற்றி அமெரிக்காவின் எஃப்பிஐ சேர்த்து வைத்த ஃபைல் அறுநூறு பக்கத்துக்கு மேல் போகிறது. தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் எப்போதோ வெளியே வந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மங்கிய டைப்ரைட்டர் எழுத்து, நடுநடுவே பெயர்களை மறைத்துக் கறுப்புப் பட்டை. கொஞ்ச நாளாக ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அதைப் புரட்டுவதும், அதே வருஷங்களில் அவர் எழுதிய பாட்டுகளை ஹெட்போனில் கேட்பதுமாகப் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒரே ஆளைப் பற்றியவை என்று நம்புவதே கஷ்டமாக இருக்கிறது.

இந்தக் கதையை வழக்கமாக இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஒன்று காமெடி: இசை தெரியாத போலீஸ்காரர்கள் ஒரு மேதையைத் துரத்திய கதை, கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை. இன்னொன்று தியாகி கதை: ஒன்றும் அறியாத ஒரு சங்கீதக்காரர் மேல் வீண்பழி போட்டு நாட்டைவிட்டு விரட்டினார்கள். எனக்கு இரண்டுமே போதவில்லை. முதலாவது, அந்த ஃபைல் எதற்காக இருந்தது என்பதையே கோட்டை விடுகிறது. இரண்டாவது, ஐஸ்லரையே கோட்டை விடுகிறது.

முதலில் ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன். 1898ல் லைப்ஸிக்கில் பிறந்தவர், வியன்னாவில் வளர்ந்தவர். அப்பா ருடால்ஃப் ஐஸ்லர் ஒரு தத்துவ அறிஞர், யூதர். அம்மா கசாப்புக் கடைக்காரர் வீட்டுப் பெண். முதல் உலகப் போரில் சிப்பாயாக இருந்துவிட்டுத் திரும்பி, 1919 முதல் 1923 வரை அர்னால்ட் ஷோன்பர்க்கிடம் பாடம் படித்தார். பன்னிரண்டு சுரங்களுக்கும் சம அந்தஸ்து கொடுத்து, நம் காது தேடுகிற ஆதார சுருதியையே எடுத்துவிட்ட அதே ஷோன்பர்க். அவருடைய சிறந்த மாணவர்களில் ஒருவர் என்று பெயர் வாங்கினார். அப்புறம் 1926ல் குருவோடு சண்டை. நவீன இசை தனக்குத்தானே பேசிக்கொள்கிறது, தெருவில் நடப்பது அதன் காதில் விழவில்லை என்பது சிஷ்யனின் குற்றச்சாட்டு. அதே 1926ல் ஜெர்மன் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர விண்ணப்பம் கொடுத்தார். கொடுத்துவிட்டு சந்தா கட்டவில்லை, அதைத் தொடரவும் இல்லை. இந்த ஒரு விண்ணப்பத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இருபது வருஷம் கழித்துத் திரும்பி வரும்.

பெர்லினில் தொழிலாளர் பாடகர் குழுக்களுக்காக எழுதினார். பிரெக்ட்டோடு சேர்ந்து நாடகங்கள், 1932ல் வந்த 'கூலே வாம்பே' படம். பாடத் தெரியாதவர்கள் நடந்துகொண்டே பாடும்படியான பாட்டுகள், ஆனால் மலிவானவை இல்லை. இந்த அணிவகுப்புப் பாட்டுகளைக் கவனித்துக் கேட்டால் தாளம் எங்காவது ஒரு இடத்தில் எதிர்பாராமல் இடறும். கூட்டத்தோடு கூட்டமாகத் தூங்கிக்கொண்டே நடக்க விடமாட்டார். 1933ல் ஹிட்லர் வந்ததும் நாடு போயிற்று. 1935ல் மாஸ்கோவில் இருந்த சர்வதேச இசை அமைப்பு ஒன்றுக்குத் தலைவர் ஆனார். அதாவது ஆள் நிஜமாகவே தீவிர இடதுசாரி, அதை மறைத்து வைத்தவரும் இல்லை.

1938ல் நியூயார்க் வந்து நியூ ஸ்கூலில் பாடம் எடுத்தார். விசா ஒரு பெரிய தலைவலி. தற்காலிக விசா முடியும், நீட்டிக்க முடியாது, மெக்சிகோ போக வேண்டும், திரும்பி வர வேண்டும். கடைசியில் 1940ல் மெக்சிகாலி என்ற எல்லை ஊரில் நிரந்தர விசா கிடைத்தது. விசா கவுண்டரில் நின்ற அனுபவம் உள்ள எவருக்கும் இந்தப் பகுதியைப் படிக்கும்போது வயிற்றில் ஒரு மாதிரி இருக்கும். எனக்கு இருந்தது. ஒரு கேள்விக்கு நீங்கள் எழுதும் ஒற்றை வார்த்தைப் பதில் எந்தக் காலத்துக்கும் அங்கேயே உட்கார்ந்திருக்கும், இல்லையா? கம்யூனிஸ்டா என்ற கேள்விக்கு அவர் இல்லை என்று சத்தியம் பண்ணியிருந்தார். 1926 விண்ணப்பம் ஒரு பக்கம், இந்த 'இல்லை' இன்னொரு பக்கம்.

1942ல் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தார். பிரெக்ட், தாமஸ் மான், அடோர்னோ, ஃபாய்ஷ்ட்வாங்கர், பழைய குரு ஷோன்பர்க் என்று ஜெர்மன் அகதி உலகமே அங்கே கடற்கரையோரம் குடியிருந்தது. அந்த உலகத்தையே எஃப்பிஐ கவனித்துக்கொண்டிருந்தது. தொலைபேசி ஒட்டுக்கேட்பு, கடிதங்களைப் பிரித்துப் பார்ப்பது, வீட்டு வாசலில் நிற்கும் கார்களின் நம்பரைக் குறிப்பது எல்லாம் நடந்தது. பிரெக்ட்டின் மனைவி ஹெலன வைகலும் மார்த்தா ஃபாய்ஷ்ட்வாங்கரும், ஒட்டுக்கேட்பவர்களைக் குழப்புவதற்காகவே போலிஷ் சமையல் புத்தகத்தைப் போனில் ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டினார்கள் என்று ஒரு கதை உண்டு. காமெடி கட்சிக்காரர்களுக்கு ரொம்பப் பிடித்த கதை.

இப்போது ஃபைல். நான் பிழைப்புக்கு லாக் ஃபைல் படிக்கிறவன். சர்வரில் எந்த நேரத்தில் எந்த ரெக்வெஸ்ட் வந்தது, எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று இருபது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கண்ணோடு படித்தால் இது ரொம்பப் பழகிய சரக்கு. யார் யாரைச் சந்தித்தார், எந்த விருந்தில் யார் இருந்தார், எந்த அமைப்பின் லெட்டர்ஹெட்டில் பெயர் வந்தது, எந்தப் பத்திரிகை பாராட்டியது, அண்ணன் எங்கே. நம் ஆபீஸ் பாஷையில் சொன்னால் முழுக்க மெட்டாடேட்டா. பாட்டுகளின் பெயர்கள் வருகின்றன. சில பாட்டுகளின் சொற்கள் வருகின்றன. இசையைப் பற்றிப் பேச்சே காணோம்.

இதைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆனால் லாக் எழுதுகிற புரோகிராம் செய்தியின் உள்ளடக்கத்தைப் புரிந்துகொள்ளவில்லை என்று யாரும் அதைக் குறை சொல்வதில்லை. அதன் வேலை அது இல்லை. அதன் வேலை புள்ளிகளையும் கோடுகளையும் சேர்த்து வைப்பது. என்றைக்காவது ஒருநாள் யாராவது கேட்கும்போது, இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்கு வழி இருக்கிறது என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்று நாம் கிண்டலாகச் சொல்வோம். கண்காணிப்பு ஃபைலில் அதுதான் வேலையே. முடிச்சு போதும், அர்த்தம் தேவையில்லை.

1946ல் அந்த நாள் வந்தது, ஹான்ஸ் வழியாக இல்லை, அண்ணன் வழியாக. கெர்ஹார்ட் ஐஸ்லர் முழுநேரக் கட்சிக்காரர், சர்வதேசக் கம்யூனிஸ்ட் அமைப்பான கொமின்டெர்னின் ஆள். அந்த வருஷம் அக்டோபரில், கட்சியைவிட்டு விலகிய லூயி புடென்ஸ், அமெரிக்கக் கம்யூனிஸ்ட்களை மறைவிலிருந்து ஆட்டிவைக்கிற சோவியத் தலைவன் என்று கெர்ஹார்ட்டைக் கைகாட்டினார். அதற்கு அப்புறம் வந்ததுதான் கொடுமை. இவர்களுக்கு ஒரு அக்கா: ரூத் ஃபிஷர். 1920களில் ஜெர்மன் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர்களில் ஒருவர், பிறகு வெளியேற்றப்பட்டவர். ஸ்டாலின் மேலும் தன் தம்பிகள் மேலும் தீராத வன்மம். 1947 பிப்ரவரியில் நாடாளுமன்ற விசாரணைக் குழு முன்னால் உட்கார்ந்து தம்பிக்கு எதிராகச் சாட்சி சொன்னார். அந்த மாதமே, அப்போது புது உறுப்பினராக வந்திருந்த ரிச்சர்ட் நிக்ஸன் சபையில் பேசிய கன்னிப் பேச்சே கெர்ஹார்ட் ஐஸ்லர் விவகாரம்தான். ஐஸ்லர் குடும்பத்தில் உறவுமுறை எல்லாம் ஷேக்ஸ்பியரின் ராஜா ராணி நாடகம் மாதிரி என்று சார்லி சாப்ளின் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அவர் ஹான்ஸின் நண்பர். அவர் சொல்லாவிட்டாலும் வேறு யாராவது சொல்லியிருப்பார்கள்.

கிராஃபில் ஒரு புள்ளி சிவப்பானால் பக்கத்துப் புள்ளிகளும் சிவப்பாகும். ஹான்ஸ் பக்கத்துப் புள்ளி.

1947 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸில் மூடிய அறையில் ஒரு விசாரணை, செப்டம்பர் 24 முதல் 26 வரை வாஷிங்டனில் பகிரங்க விசாரணை. குழுவின் பெயர் அமெரிக்க விரோத நடவடிக்கைகளுக்கான குழு. தலைவர் ஜே. பார்னெல் தாமஸ். (பின்னாளில் இவரே சம்பள மோசடியில் ஜெயிலுக்குப் போனார். இவர் குழுவுக்குப் பதில் சொல்ல மறுத்துத் தண்டனை பெற்ற திரைக்கதையாளர்கள் இரண்டு பேர் அதே ஜெயிலில் இருந்தார்கள்.) கேள்வி கேட்டவர் ராபர்ட் ஸ்டிரிப்ளிங். ஐஸ்லரை இசை உலகத்துக் கார்ல் மார்க்ஸ் என்று நிறுவப்போவதாக அவர் அறிவித்தபோது, அப்படியானால் எனக்குப் பெருமைதான் என்று ஐஸ்லர் பதில் சொன்னார்.

விசாரணையில் வாசிக்கப்பட்டவை பாட்டுகளின் சொற்கள். கொமின்டெர்ன் அணிவகுப்புப் பாட்டு. கருக்கலைப்பைத் தண்டிக்கும் சட்டப் பிரிவு 218ஐ எதிர்த்து பிரெக்ட் எழுதிய பாட்டு. அதை உறுப்பினர்கள் ஆபாசம் என்றார்கள், ஐஸ்லர் அது கவிதை என்றார். எழுதிக் கொண்டுவந்திருந்த அறிக்கையை வாசிக்க அவரை விடவில்லை. அதை 'ஃபான்டேசியா இன் ஜி-மென்' என்ற தலைப்பில் பத்திரிகையில் போட்டார். எஃப்பிஐ ஆட்களுக்கு ஜி-மென் என்று பட்டப்பெயர். ஜி மைனர் என்பது மேற்கத்திய இசையில் ஒரு சுருதி. நல்ல சிலேடை.

உண்மையில் அந்த மூன்று நாள் விசாரணையின் குறி ஐஸ்லர் கூட இல்லை. 1939ல் இவருடைய விசாவுக்காக ஜனாதிபதியின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் வெளியுறவுத் துறைத் துணைச் செயலர் சம்னர் வெல்ஸுக்குக் கடிதம் எழுதியிருந்தார். அந்தக் கடிதங்களை வெளியே கொண்டுவந்து, வெல்ஸைக் கூப்பிட்டுக் கேட்டு, ரூஸ்வெல்ட் அரசு கம்யூனிஸ்டுகளுக்குக் கதவைத் திறந்துவிட்டது என்று காட்டுவதில்தான் குழுவுக்கு ருசி. பார்த்தீர்களா, இங்கேயும் கோடுதான் முக்கியம். புள்ளி யாராக இருந்தாலும் பரவாயில்லை.

ஆகவே, இசை புரியாமல் தோற்றார்கள் என்ற காமெடிக் கதை சரிப்படாது. அவர்கள் தோற்கவே இல்லை. இசையைப் பற்றிய அறிவு அவர்கள் கேட்ட பொருளே கிடையாது. வெளிநாட்டுக்காரர் ஒருவரை வெளியேற்ற முடியும் என்ற நிலையை அறுநூறு பக்கத்தில் தயார் பண்ணி வைத்திருந்தார்கள். தேவைப்பட்டபோது எடுத்துப் பயன்படுத்தினார்கள். விசாவில் 'இல்லை' என்று சொன்னது பொய்ச் சத்தியம் என்று அதே 1926 விண்ணப்பத்தைத் தூக்கிக் காட்டினார்கள்.

தியாகி கதைக்கு வருகிறேன். ஐஸ்லருக்கு ஆதரவாக எழுந்தவர்களின் பட்டியலைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஐன்ஸ்டீன், தாமஸ் மான், சாப்ளின். சாப்ளின் பாரிஸில் இருந்த பிக்காஸோவுக்குத் தந்தி அடித்து, அங்கே போராட்டம் நடத்தச் சொன்னார். 1948 பிப்ரவரி 28 அன்று நியூயார்க் டவுன் ஹாலில் ஏரன் கோப்லண்ட், லெனார்ட் பெர்ன்ஸ்டைன், ராய் ஹாரிஸ், வால்டர் பிஸ்டன், ரோஜர் செஷன்ஸ் எல்லாரும் சேர்ந்து அவருடைய இசையை வைத்து ஒரு கச்சேரியே ஏற்பாடு செய்தார்கள். தைரியமான காரியம். அந்தக் காலத்தில் தன் பெயரை ஒரு லெட்டர்ஹெட்டில் போடுவதே ஆபத்து என்று மேலே பார்த்தோமே.

ஆனால் இந்தப் பக்கத்து வாதம் பெரும்பாலும் எப்படிப் போயிற்று? அவர் ஒரு கலைஞர், பெரிய சங்கீதக்காரர், அரசியலை வைத்து அவரை எடைபோடாதீர்கள் என்று. மனிதரைக் காப்பாற்ற அதைவிட்டால் வேறு வழி இருந்திருக்காது, புரிகிறது. ஆனாலும் எனக்கு உறுத்துகிறது. இசை வேறு, தெரு வேறு என்று சொன்னதற்காகத்தானே இந்த ஆள் இருபத்தெட்டு வயதில் தன் குருவையே விட்டு வெளியேறினார்? குழு இசையை உரித்துப் போட்டுவிட்டு அரசியலை மட்டும் எடுத்துக்கொண்டது. நண்பர்கள் அரசியலை உரித்துப் போட்டுவிட்டு இசையை எடுத்துக்கொண்டார்கள். ஐஸ்லர் இரண்டு பேர் கையிலும் இல்லை.

அப்படியானால் எங்கே இருந்தார்? எனக்குக் கிடைத்த பதில் 'ஹாலிவுட் பாட்டுப் புத்தகம்'. கார் நம்பர்கள் குறிக்கப்பட்டுக்கொண்டிருந்த அதே மாதங்களில், பெரும்பாலும் 1942லும் 43லும் எழுதிய குறும்பாட்டுகளின் தொகுப்பு. ஒரு குரல், ஒரு பியானோ. பல பாட்டுகள் ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம்தான். சொற்கள் பாதிக்கு மேல் பிரெக்ட்; மற்றவை ஹோல்டர்லின், கோதே, மோரிக்கே, பாஸ்கல், ரிம்போ என்று கலந்து வருகின்றன.

மேடையில் முஷ்டி உயர்த்திப் பாடிய பெர்லின்காரர் இதில் இல்லை. ஒரு அறையில் ஒருவர் இன்னொருவருக்குப் பாடுகிற சத்தம். 'சிறிய வானொலிப் பெட்டிக்கு' என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடிவந்த ஒருவன், வீடு மாறி வீடு, கப்பல் மாறி ரயில் என்று தூக்கிக்கொண்டு வந்த ரேடியோவிடம் பேசுகிறான். எதிரியின் வெற்றிச் செய்திகளைத்தான் அது சொல்லப்போகிறது, ஆனாலும் அது திடீரென்று நின்றுவிடக் கூடாது என்று கேட்கிறான். இதற்கு வேறு யாராவது இசையமைத்திருந்தால் பொருமித் தள்ளியிருப்பார்கள். ஐஸ்லர் கிட்டத்தட்ட ஷூபர்ட் மாதிரி ஒரு மெட்டு போடுகிறார், பியானோ அமைதியாக நடக்கிறது. ஹிட்லர்காரர்கள் தங்களுடையது என்று சொல்லிக்கொண்ட அந்த ஜெர்மன் பாட்டு மரபைக் கையில் எடுத்துக்கொண்டு, இது எங்களுடையது, நாங்கள் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டோம் என்று சொல்கிற மாதிரி எனக்குக் கேட்கிறது. அரசியல் சொல்லில் இல்லை, அந்த நிதானத்தில் இருக்கிறது. (இந்த மெட்டை உங்களில் சிலர் ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். ஸ்டிங் 1987ல் இதை எடுத்து 'தி சீக்ரெட் மேரேஜ்' என்று வேறு சொற்களோடு பாடினார்.)

பக்கத்திலேயே இன்னொரு பாட்டில் பன்னிரு சுர முறை எட்டிப் பார்க்கும், அடுத்ததில் காபரே. ஹோல்டர்லினின் நீண்ட கவிதைகளைக் கத்தரித்துத் துண்டாக்கி, தேசபக்தி வாடை வீசுகிற வரிகளையெல்லாம் தூக்கிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்கிறார். எல்லாப் பாட்டும் தேறும் என்று சொல்லமாட்டேன். சிலது டைரிக் குறிப்பு மாதிரி வந்து போய்விடும். ஆனால் ஒரு ஆளை அறிய வேண்டுமென்றால் இந்த டைரியைத்தான் ஒட்டுக்கேட்டிருக்க வேண்டும்.

இன்னொரு பக்கம் ஸ்டூடியோ வேலை. ஹைட்ரிஷ் கொலையை வைத்து ஃபிரிட்ஸ் லாங் எடுத்த 'ஹேங்மென் ஆல்சோ டை' 1943ல் வந்தது. ஐஸ்லர் இசைக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. அடுத்த வருஷம் 'நன் பட் தி லோன்லி ஹார்ட்', மறுபடியும் பரிந்துரை. ஹைட்ரிஷ் ஆஸ்பத்திரியில் சாகிற சில விநாடிகள் வரும். சாவுக் காட்சி என்றால் சோகமாக ஏதாவது போடுவதுதான் வழக்கம். ஐஸ்லர் உச்சத்தில் பளபளவென்று கீச்சிடுகிற இசையைப் போட்டார். கொலைகாரனுக்கு வீர மரணம் கிடைத்துவிடக் கூடாது, எலி செத்த மாதிரி இருக்க வேண்டும் என்பது கணக்கு. அதே படத்துக்குள் தன்னுடைய பழைய கொமின்டெர்ன் பாட்டின் மெட்டையும் நுழைத்திருக்கிறார் என்பதைப் பின்னாளில் இசை ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டினார்கள். விசாரணையில் எந்தப் பாட்டின் சொற்களை அவர் முன்னால் வாசித்தார்களோ, அதே பாட்டு. ஊர் ஊராகத் தியேட்டர்களில் ஓடியிருக்கிறது.

ராக்கஃபெல்லர் அறக்கட்டளை 1940ல் சுமார் 20,000 டாலர் கொடுத்து திரைப்பட இசையை ஆராயச் சொல்லியிருந்தது. உலகத்தின் பெரிய முதலாளி வீட்டுப் பணம், ஆராய்ந்தவர் மார்க்ஸியர். அதிலிருந்து வந்த புத்தகம் 'கம்போஸிங் ஃபார் தி ஃபிலிம்ஸ்'. அடோர்னோவோடு சேர்ந்து எழுதியது, ஆக்ஸ்ஃபோர்ட் 1947ல் வெளியிட்டது. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தீம் மியூசிக், காட்சியில் இருப்பதையே இசையும் திருப்பிச் சொல்வது, பின்னணி இசை இருப்பதே தெரியக்கூடாது என்ற நினைப்பு, இதையெல்லாம் கெட்ட பழக்கங்கள் என்று முதல் அத்தியாயத்திலேயே போட்டு வாங்குகிறார்கள். மழை பெய்தால் வயலின் என்று வளர்ந்த நமக்கும் வலிக்கும்! பார்க்கிறவனின் மனதைத் தெரியாமலே பிடித்து இழுப்பதற்கு இசையைப் பயன்படுத்தாதே என்பதுதான் சாரம். ஐஸ்லரிடம் அபாயகரமான கருத்து என்று ஒன்று இருந்தால் அது இதுதான். கடையில் விலைக்குக் கிடைத்தது. ஆனால் அட்டையில் அடோர்னோ பெயர் இல்லை. கெர்ஹார்ட் விவகாரத்துக்குப் பயந்து தன் பெயரை எடுத்துவிட்டார். கோடுகளின் கணக்கு அவருக்கும் தெரிந்திருக்கிறது.

1948 மார்ச் 26 அன்று ஐஸ்லரும் மனைவி லூவும் லாகார்டியா விமான நிலையத்திலிருந்து ப்ராக் நகரத்துக்குக் கிளம்பினார்கள். முறைப்படி நாடுகடத்தல் என்று கூட இல்லை. தானாகப் போய்விடுகிறேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். வூடி கத்ரி இதைப் பற்றி ஒரு பாட்டு எழுதி வைத்தார், ஐம்பது வருஷம் கழித்து பில்லி ப்ராகும் வில்கோவும் மெட்டமைத்தார்கள். கெர்ஹார்ட் 1949ல் பாட்டரி என்ற போலிஷ் கப்பலில் திருட்டுத்தனமாக ஏறித் தப்பினார். அண்ணன் தனிக் கதை, விடுங்கள்.

பெரும்பாலான கட்டுரைகள் லாகார்டியாவோடு நின்றுவிடுகின்றன. எனக்கு அதுதான் பெரிய குறையாகப் படுகிறது, ஏனென்றால் இன்னொரு அரசாங்கம் பாக்கி இருக்கிறது.

கிழக்கு ஜெர்மனி அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. 1949ல் பெஹரின் சொற்களுக்கு இசையமைத்து நாட்டின் தேசிய கீதத்தைக் கொடுத்தார், 1950ல் தேசியப் பரிசு. கிழக்கு பெர்லினில் வீடு, மாணவர்கள், மரியாதை. அங்கே அவர் தன் பெரிய வேலை என்று நினைத்ததைத் தொடங்கினார்: 'யோஹான் ஃபவுஸ்டுஸ்' என்ற ஆபெரா. சொற்களையும் அவரே எழுதினார். கோதேயின் மகா நாயகனை எடுக்கவில்லை. விவசாயிகள் போர்க்காலத்தில் குடியானவன் வீட்டில் பிறந்து, படித்து, தன் ஜனங்களைக் கைவிட்டு எஜமானர்கள் பக்கம் போனவன் இவருடைய ஃபவுஸ்ட். நடுவில் அட்லாண்டா என்ற ஒரு கற்பனை அமெரிக்காவுக்கும் போகிறான். 1952ல் சொற்கள் மட்டும் புத்தகமாக வந்தன.

1953 மே, ஜூன் மாதங்களில் கலைக் கழகத்தில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து அந்தப் பிரதியை விசாரித்தார்கள். இந்த முறை கேட்டவர்கள் ஒன்றும் தெரியாதவர்கள் இல்லை. இலக்கியம் படித்தவர்கள், கோதேயைக் கரைத்துக் குடித்தவர்கள், கட்சித் தோழர்கள். வரி வரியாக வாசித்தார்கள். ஜெர்மன் மரபின் உயர்ந்த நாயகனைத் துரோகி ஆக்கிவிட்டாய், ஜெர்மன் சரித்திரத்தை வெறும் இழிவாகக் காட்டிவிட்டாய் என்று அடித்தார்கள். கட்சிப் பத்திரிகை எழுதியது, தலைவர் உல்பிரிக்ட்டே பேசினார். பிரெக்ட் பக்கத்தில் நின்று வாதாடிப் பார்த்தார். அந்த அக்டோபரில் ஐஸ்லர் கட்சியின் மத்தியக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார்: இசை எழுதும் உந்துதலே போய்விட்டது, இதுவரை அறியாத மனச்சோர்வில் இருக்கிறேன் என்று. அந்த ஆபெராவுக்கு அவர் இசை எழுதி முடிக்கவே இல்லை. 1962ல் இறந்துபோனார்.

இதை வைத்து அமெரிக்கா பரவாயில்லை என்று நான் சொல்லவரவில்லை. அங்கே ஒரு மனிதரின் வீட்டையும் பிழைப்பையும் பறித்தார்கள். ஆனால் இசை என்ற கணக்கை மட்டும் பார்த்தால் விஷயம் தலைகீழாக இருக்கிறது. அவரை வாசிக்கத் தெரியாத எஃப்பிஐயின் கண் முன்னால் பாட்டுப் புத்தகம் முழுசாக எழுதப்பட்டது. அவரை நன்றாகவே வாசித்த தோழர்கள் முன்னால் ஃபவுஸ்டுஸ் ஊமையாகிப் போனது. லாக் எடுக்கிறவனால் வாசலில் நிற்கத்தான் முடியும். உள்ளே வந்து, பாசமாகப் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த வரி சரியில்லையே என்று சொல்லும் கண்காணிப்புக்கு வேறு பலம். அதற்கு ஒட்டுக்கேட்புக் கருவியே வேண்டாம். கலையைப் புரிந்துகொள்ளாததுதான் அரசாங்கங்களின் பிரச்சினை என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோமே, ஐஸ்லர் விஷயத்தில் எனக்கு அந்த வாக்கியம் வாயில் வரமாட்டேன் என்கிறது.

அவர் கொடுத்த தேசிய கீதத்தின் கதையும் இதோடு சேர்த்தி. சொற்களில் 'ஒன்றுபட்ட ஜெர்மனி' என்று வருவதால், 1970களின் தொடக்கத்திலிருந்து கிழக்கு ஜெர்மனி அதைப் பாடாமல் வெறுமனே வாசிக்க மட்டும் ஆரம்பித்தது. இங்கே சொற்களைத் தூக்கி எறிந்துவிட்டு மெட்டை வைத்துக்கொண்டார்கள்.

கேட்க நினைப்பவர்களுக்கு: பாட்டுப் புத்தகத்துக்கு மத்தியாஸ் கோர்னே 1998ல் டெக்காவுக்காகப் பாடிய பதிவு இருக்கிறது, பியானோ எரிக் ஷ்னைடர். ராத்திரி, தனியாக, வால்யூம் குறைத்துக் கேளுங்கள். அப்புறம் 'மழையைச் சொல்லப் பதினான்கு வழிகள்'. யோரிஸ் இவென்ஸ் 1929ல் ஆம்ஸ்டர்டாம் மழையை எடுத்த மௌனப் படத்துக்கு, அந்த ராக்கஃபெல்லர் திட்டத்தில் 1941ல் எழுதியது. புல்லாங்குழல், கிளாரினெட், வயலின், செல்லோ, பியானோ, அவ்வளவே. சுத்தமான பன்னிரு சுர இசை. எழுபதாவது பிறந்தநாளுக்கு ஷோன்பர்க்குக்குச் சமர்ப்பணம் செய்தார். சண்டை போட்டுப் போன சிஷ்யன் குருவுக்கு எடுத்துக்கொண்டு போன பரிசு. படத்தையும் இசையையும் சேர்த்துப் பார்த்தால் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிஷம் ஆகும்.